இருநூற்று நாற்பது மாதக் குழந்தை

எனக்கு இருபது வயதில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆண்டு விழாவுக்குக் கம்பெனியின் நாலு மாடிச் சுவரில் பெண்கள் நாலு பேர் கயிற்றில் தொங்கி ஆட வேண்டும் என்று முதலாளியின் மருமகள் முடிவு செய்தார். பெங்களூரில் எங்கோ பார்த்திருக்கிறார். சொல்லிக்கொடுக்க ஓர் அக்காவும், கயிறு கட்ட ஓர் ஆளும் அங்கிருந்தே வந்தார்கள். ஆட்டம் என்றால் நான் சோற்றை மறந்துவிடுவேன். ஆனால் தரையிலேயே ஆட விடாத அப்பா, சுவரில் விடுவாரா?

அப்பா தென்காசிப் பக்கத்து ஆள், சாயப்பட்டறையில் வேலை. ஆடப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் வாய் திறந்தார்.

"இந்தா பாரு பிள்ள, தலகீழா நிக்கையில வயிறு ஒரு இஞ்சு தெரிஞ்சாலும் மறுநாளே ஊருக்கு பஸ் ஏத்திருவேன்."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் பயம் நியாயம்தான். முதல் ஒத்திகையிலேயே நாலு பேர் போட்டிருந்த டி-ஷர்ட் பனியனும் சரிந்து முகத்தை மூடிவிட்டது. உள்ளே போட்ட சுடிதாரைக் கயிறு மாட்டும் இடுப்பு பெல்ட்டுக்குள் செருகியிருந்ததால் மானம் தப்பியது. இதற்கிடையே நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசைப் பிள்ளைகளெல்லாம் என்னைப் பார்த்து சுவரில் கால் வைத்து நடக்கப் பழகி, அவர்களின் அம்மாமார் என்னைத் திட்டித் தீர்த்தார்கள்.

எங்கள் கம்பெனியில் தைப்பது குழந்தைத் துணி. காலிடுக்கில் பிரஸ் பட்டன் வைத்த பாடிசூட். குழந்தை எப்படிப் புரண்டாலும் மேலேறாது. அதையே எங்களுக்கும் தைத்தால் என்ன என்று கேட்டேன். சாம்பிள் டெய்லர் டேப்போடு வந்தார். குழந்தைத் துணிக்கு சைஸ் மாதக் கணக்கில்தான்.

"ஏனுங்க, எத்தன மாசக் கொழந்தைக்குங்க?"

"இருநூத்தி நாப்பது மாசம்ணா."

மனிதர் சிரிக்கவே இல்லை. கழுத்து லேபிளிலும் அதையே அடித்துவிட்டார்.

விழா அன்று சுற்றியிருந்த மொட்டை மாடியெல்லாம் ஜனம். காதர்பேட்டை பனியன் வியாபாரிகள் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வடக்கத்திப் பையன்கள் விசிலடித்தார்கள். அப்பாவுக்குக் கீழே முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தேன். சுவரை உதைத்து, காற்றில் சுழன்று, தலைகீழாக நின்றேன். பட்டன் கெட்டியாகப் பிடித்தது. அந்த நிலையிலேயே அப்பாவைத் தேடினால் நாற்காலி காலி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தலைகீழாகத் தொங்குகிறவளுக்கு அது எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அழுகையும் வந்தது, அது நெற்றி வழியாக ஓடியது.

இறங்கியதும் இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், அப்பாவிடம் சண்டை போடும் முடிவோடு வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டம் சொல்லிக்கொடுத்த அக்கா என் கையைப் பிடித்துக் கம்பெனி மொட்டை மாடியைக் காட்டினாள். ஏறிப் போனேன்.

கயிறு கட்டும் ஆள் ஓரமாகக் கைகட்டி நின்றிருந்தார். என் கயிறு கட்டிய தூணருகே அப்பா உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் இரண்டு காலையும் முட்டுக்கொடுத்து, கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் வந்து நின்ற பிறகும் விடவில்லை.

"என் ஆட்டத்தப் பாத்தீங்களாப்பா?"

"கயித்தப் பாத்தேன்" என்றார். "நல்லா ஆடுச்சு."