பயத்துக்கு ஒரு வேலை

என் மேசையில் கடிதங்கள் காற்றில் பறக்காமலிருக்க ஒரு களிமண் கட்டியை வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழ அளவுதான், காய்ந்து கல்லாகிவிட்டது. அதில் ஒரு பெருவிரல் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், வாத்தியாருக்கு வேறு எடைக்கல் அகப்படவில்லையா என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். இது என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சினன், சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்த மண். தங்கம் விளைகிற பூமியிலிருந்து எனக்குக் கிடைத்த சொத்து இது ஒன்றுதான். இந்த மண்ணை வைத்துத்தான் நான் வாத்தியாராகப் பிழைத்தேன்.

கோலார் தங்கவயலுக்கு மின்சாரக் கம்பி வராத காலம் அது. குடியாத்தத்தில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு கேப்டன் துரைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க முன்ஷி வேண்டும் என்று மச்சினன்தான் சொல்லியனுப்பினான். சுரங்கத்தில் கேப்டன் என்றால் கப்பல்காரர் அல்ல. பூமிக்குள் இறங்கி ஆட்களை வேலை வாங்குகிற மேலதிகாரி. பெண்டாட்டியையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போய் மச்சினனின் தட்டி வீட்டிலேயே குடியேறினேன். பிள்ளைகள் முன்னால் புலியாக இருந்தவன், துரையின் பங்களா வாசலைக் கண்டதும் எலியாகிவிட்டேன். புத்தகத்தைப் பிரித்தால் தாள் படபடவென்று அடித்துக்கொள்ளும். காற்று வீசவில்லை, என் கை நடுக்கம்தான். ஒரு கையின் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் அடுத்த வாக்கியம் மறந்துவிடும் என்று ஒரு மாதம் அவருடைய பூட்ஸைப் பார்த்தே பேசினேன். அந்தப் பூட்ஸின் ஒவ்வொரு ஆணியும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பயந்தவன் புத்தகத்துக்குள் ஒளிந்துகொள்வான். நானும் அதைத்தான் செய்தேன். சுரங்கத்தில் இறங்குகிற மனிதருக்கு என்ன பேச்சு வேண்டும் என்று யோசிக்கத் தைரியமில்லாமல், எனக்கு மனப்பாடமான பழைய பாடத் தமிழை அப்படியே அவர் வாயில் திணித்தேன். அவரும் பாவம், நல்ல மாணவர், உருப்போட்டு ஒப்பித்தார். ஒருநாள் கீழே மூன்றாவது லெவல் என்கிற அடுக்கில், வேர்த்து வழிந்து நின்ற கூலியாட்களைப் பார்த்து, "நண்பர்காள், மேலுள்ள பாறையை நோக்குவீராக" என்று சொல்லிவிட்டார். பாறையை யாரும் நோக்கவில்லை. கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்து அதை நடித்தே காட்டினான். "இன்னா மாமா, துரைய கூத்துக்கு ரெடி பண்றீங்களா? கிரீடம் ஒண்ணுதான் பாக்கி." என் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "போதும்டா, அவரு மூஞ்சியப் பாரு" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவன் வாயை மூடிக்கொண்டான். மறுநாள் துரை என்னிடம் கோபமாகப் பேசவில்லை; அமைதியாகப் பேசினார், அது இன்னும் மோசம். மூன்று வாரத்தில் சுரங்கத்துக்கே தலைவரான பெரிய துரை, ஆட்கள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு வந்து, தன்னை ஆட்களோடு பேசவைத்துப் பார்க்கப்போகிறார், அன்றும் சிரித்தார்களென்றால் முன்ஷி தேவையில்லை என்று முடிவாகிவிடும் என்றார். குடியாத்தத்து வேலையை ஏற்கெனவே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மனைவிக்கு அப்போது ஆறாவது மாதம்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்ட உட்கார்ந்தேன். மச்சினன் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். "நாளைக்கு என் கூட கீழ வாங்க மாமா. மேஸ்திரி கிட்ட நான் சொல்லிக்கிறேன். அப்புறம் போறதுன்னா போங்க" என்றான். அவனுக்கு என்னைவிட ஐந்து வயது குறைவு, எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கீழே பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுப்பது அவன் வேலை. தங்கவயலில் பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் அவன்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஷிஃப்டில் அவனோடு கேஜில் ஏறினேன். அந்த இரும்புக் கூண்டு கிணற்று வாளிபோல விடுபட்டு இறங்கியபோது குலதெய்வத்தைக் கூப்பிடக்கூட நாக்கு புரளவில்லை. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று மச்சினன் கையைத் தேடினேன். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவத்தியைப் பாறையில் ஒட்டுவதற்காக எல்லோரும் கொண்டுபோகிற ஈரக் களிமண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து எடுத்துக்கொண்டிருந்தான். கீழே போய்ச் சேர்ந்ததும் அவன் செய்த முதல் காரியம், கடப்பாரையால் தலைக்கு மேலிருந்த பாறையை ஒவ்வொரு முழமாகத் தட்டிப் பார்த்தது. ணங்கென்று கேட்டால் நல்ல பாறை. தொப்பென்று கேட்டால் பின்னால் விரிசல், முட்டு வைக்காமல் அடியில் ஒருவரும் நிற்கக் கூடாது. அவன் தட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கும் பயமாடா?" என்று கேட்டேன்.

"பின்ன? தெனம் கேஜ்ல கால் வெக்க சொல்ல நடுக்கம்தான் மாமா. பயம் இல்லன்னு சொல்றவன எங்க கேங்ல சேக்க மாட்டாங்க. அவன் தட்டிப் பாக்க மாட்டான், அவனால நாலு பேரு சாவான்" என்றான். பிறகு களிமண்ணில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தான். "பயம் போவாது மாமா. அத்த சும்மா உக்கார வெக்காதீங்க. அதுக்கு ஒரு வேல குடுங்க."

எத்தனையோ நீதி நூல்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட எனக்கு இப்படி உதவியதில்லை. பாடம் மறந்துவிடுமோ என்ற பயத்தை, விடியற்காலையில் அன்றைய வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற வேலையில் போட்டேன். இதை ஒரு கூலியாள் தன் வாயால் சொல்வானா என்று மச்சினனிடமே சொல்லிப் பார்ப்பேன். அவன் சிரித்தால் அந்த வாக்கியம் தொப்பு, தூக்கியெறிந்துவிடுவேன். துரையின் முன்னால் நடுங்குகிற கைக்குக் களிமண்ணைக் கொடுத்தேன். அதில் பாறை செய்தேன், முட்டுமரம் செய்தேன், கேஜ் செய்தேன். "இத்த தட்டு, இங்க வை, அங்க நிக்காத" என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் நகர்த்தினேன். துரையின் கண் என்னை விட்டு மண்ணுக்குப் போயிற்று. என் கண்ணும் பூட்ஸை விட்டு மேலே வந்தது. இரண்டாம் வாரம் அவரே கையை நீட்டிக் கொஞ்சம் மண் வாங்கிக்கொண்டார். ஆட்கள் முன்னால் வாயைத் திறக்க அவருக்கு எவ்வளவு கூச்சம் என்பது, அவர் அதைப் பிசைந்த வேகத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவ்வளவு நாளும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்!

பெரிய துரை வந்த நாளில் ஷாஃப்ட் வாசலில் ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆட்கள் எங்கள் துரையைக் கண்டதும் அடுத்த கூத்துக்கு ஆயத்தமாக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். துரை ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு எதையோ பிசைந்துகொண்டே, "தட்டிப் பாத்தியா?" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சினன் முன்னால் வந்தான். "பாத்தேன் துரை. மூணாம் லெவல்ல கெழக்கால தொப்புன்னு கீது."

"எத்தினி முட்டு வேணும்?"

"நாலு துரை."

"நாலு வை. அப்புறம் வேலை. அது வரைக்கும் யாரும் அங்க நிக்காத."

பெரிய துரைக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் நாற்பது ஆட்களும் தலையை ஆட்டிவிட்டு முட்டுமரம் எடுக்க நடந்ததைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டேன். வேலை நிலைத்தது. என் மூத்த மகள் தங்கவயலிலேயே பிறந்தாள்.

சில வருஷம் கழித்து மச்சினனை மேஸ்திரியாக்கத் துரை விரும்பினார். மேஸ்திரிக்கு ஆட்களின் பெயரை எழுதத் தெரிய வேண்டும். "வாணாம் மாமா, அதுக்கு கெட்ட பாறை அடியில நிப்பேன்" என்று ஓடினான். விடாப்பிடியாக என் முன்னால் உட்காரவைத்தேன். பூமியின் பாரத்தையே முட்டுக் கொடுத்துத் தாங்கிய அந்தக் கை, பலப்பத்தைப் பிடித்ததும் கிடுகிடுவென்று ஆடியது. அன்று அவன் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஈரக் களிமண்ணில் ஒரு பிடியை எடுத்து அவனுடைய இடது கையில் வைத்தேன். ஒரு கணம் முறைத்தான். "எனக்கேவா மாமா?" என்று சிரித்தான். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினான்.

மேசைமேல் இருப்பது அந்தக் கட்டிதான். பதிந்திருப்பது அவனுடைய விரல். நான் இப்போது குடியாத்தத்துக்கே திரும்பிவந்து பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். வகுப்புக்குள் நுழையும்முன் இன்றும் பயம் வருகிறது; இந்தப் பள்ளத்தில் என் பெருவிரலை ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். போன வாரம் தங்கவயலிலிருந்து ஒரு கார்டு வந்தது. கோணல்மாணலான எழுத்து, ஓரத்தில் மண் கறை. புதிதாக இன்னும் ஆழமான லெவல் ஒன்றை வெட்டுகிறார்களாம், அதற்கு அவன்தான் மேஸ்திரியாம். அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்துவிட்டு, கடைசியில் எனக்கென்று ஒரு வரி எழுதியிருந்தான்: "பயம் கீது மாமா. தட்டிப் பாத்துனு கீறேன்."