பதினோராவது தட்டில் போன மடக்குப் பலகை

பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டார் மெக்கானிக் மாதப்பனைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. இன்னும் பிறக்காதவர்கள் ஒரு வகை, போர்வெல் போடாதவர்கள் இன்னொரு வகை. வயது ஐம்பத்தெட்டு. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரல் கூடுதல், அதுவும் நிமிர்ந்து நின்றால்தான். அவர் நிமிர்ந்து நிற்பது குறைவு. பட்டறையில் தரையோடு தரையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், கருகிப் போன மோட்டாருக்கு முழுக்கச் செம்புக் கம்பி சுற்றி முடித்துவிட்டுத்தான் எழுவார். ஒரு நாற்காலி உண்டு. அதில் கம்பிச் சுருள்கள் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கோழி, இது நிரந்தரமான இடம் என்று முடிவு கட்டி, அவருடைய இரண்டு குதிகாலுக்கும் நடுவே முட்டையிட்டுவிட்டுப் போயிற்று. இரண்டு முட்டை. ஒன்றுதான் என்று சாதிப்பவர்கள் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஓர் எதிரி. வெஸ்டர்ன் டாய்லெட்.

அதில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் தரையைத் தொடாது. கால் தொங்கிவிட்டால் வயிறு, பஸ் எப்போது வருமென்று தெரியாத பிரயாணியைப் போலக் கம்மென்று இருந்துவிடும். ஒரு தடவை சேலத்தில் லாட்ஜில் தங்க நேர்ந்தபோது, வேறு வழியில்லாமல் அதன் மேலேயே ஏறிக் குந்தினார். சீட்டு மளுக்கென்று உடைந்து இடது கால் உள்ளே போய்விட்டது. கணுக்கால் வரைக்கும் என்பது மாதப்பனின் கணக்கு. முழங்காலுக்கு மேலே என்பது லாட்ஜ்காரரின் கணக்கு. அவர் அதையும் பில்லில் சேர்த்திருந்தார். அன்றிலிருந்து மாதப்பன் எந்த ஊருக்குப் போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்.

இது அவரோடு போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரே மகள் வெண்மதியை ஏரியூரில் கொடுத்திருந்தார். மருமகன் அறிவழகன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சம்பந்தியம்மா ராணியம்மாள் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர். ஆகவே அந்த வீட்டில் இருந்ததே வெஸ்டர்ன் ஒன்றுதான். நான்கு வருஷத்தில் மாதப்பன் எத்தனையோ தரம் போய்விட்டார். விருந்து சாப்பிடுவார், பேசுவார், கெட்டுப் போன மிக்ஸியைக் கூடச் சரி பண்ணித் தருவார். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்கு எழுந்து நின்றுவிடுவார். கேட்டால், "மோட்டார் ஒண்ணு கெணத்துல தொங்குதுங்க" என்பார்.

காரணம் தெரியாத ராணியம்மாள் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். தங்கள் வீட்டை அவர் மட்டமாக நினைக்கிறார் என்று.

போன தை மாதம் அறிவழகன் ஏரியூரிலேயே புது வீடு கட்டி முடித்தான். அதிலும் வெஸ்டர்ன்தான். பால் காய்ச்ச நாள் குறித்ததும் வெண்மதி போன் செய்தாள்.

"அப்பா, மூணு நாள் இருக்கணும். முந்தின நாளே வந்துரணும். விருந்து முடிஞ்சுதான் கெளம்பணும்."

"அதில்ல கண்ணு, மோட்டாரு ஒண்ணு..."

"கெணத்துல தொங்குது. தெரியும். நாலு வருசமா தொங்குதே, அது மோட்டாரா வவ்வாலா?"

மாதப்பன் போனை இடது காதுக்கு மாற்றினார்.

"அத்தை நேத்து என்ன கேட்டாங்க தெரியுமா? 'உங்கப்பாருக்கு நம்ம வூட்டுல ஒரு ராத்திரி படுக்க மனசு வரலியே, அப்பறம் என்னாத்துக்குப் பொண்ணு குடுத்தாரு'ன்னு. நான் என்னான்னு பதில் சொல்றது? இந்தத் தடவையும் அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடறதா இருந்தா வராதீங்க. அம்மா மட்டும் வரட்டும்."

போன் வைக்கப்பட்டது. அன்று மாதப்பன் கட்டிய மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே நர்ஸ் சோபனா. அவள் வீட்டுப் போர் மோட்டாரும் இவர் கைபட்டதுதான்.

"சிஸ்டர், மூணு நாளைக்கு வராம இருக்க மாத்திரை இருக்குதுங்களா?"

"எதுண்ணா வராம இருக்க?"

மாதப்பன் மின்விசிறியைப் பார்த்தார். சோபனா பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, சேலத்து லாட்ஜ் வரைக்கும் வரவழைத்துவிட்டாள்.

"வரணும்னு மாத்திரை கேட்டு தெனம் பத்துப் பேரு வர்றாங்க. வராம இருக்கக் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணா. அதெல்லாம் அடக்கக் கூடாது. கால் தொங்கறதுதான் உங்களுக்குப் பிரச்சனை. கீழ ஒரு பலகை போட்டு காலைத் தூக்கி வெச்சுக்கங்க. முட்டி இடுப்புக்கு மேல வந்துரும். சேர்ல உக்காந்தாப்பலயும் இருக்கும், குந்துனாப்பலயும் இருக்கும்."

போனில் படமும் காட்டினாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகிற மாதிரி பிளாஸ்டிக்கில் ஒரு பலகை. மாதப்பன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்குங்க பிளாஸ்டிக்கு? நானே கட்டறேன்."

பட்டறையில் பழைய கதவொன்றின் தேக்குத் துண்டு கிடந்தது. மேலே ஒரு பலகை, கீழே இரண்டு பக்கக் கால்கள், பித்தளைக் கீல். மடித்தால் புத்தகம், விரித்தால் பலகை. பீங்கானை அணைத்து நிற்க முன்பக்கம் பிறை போல ஒரு வளைவு வெட்டினார். உயரம் ஏழரை அங்குலம் இருக்கட்டும் என்றிருந்தாள் சோபனா. ஏழரை என்ற பேச்சே வேண்டாமென்று எட்டாக்கினார். இழைத்து, மூன்று கை வார்னிஷ் அடித்து முடித்தபோது அது முகூர்த்தத்துக்குப் போடுகிற மணை மாதிரி ஜொலித்தது. கை சும்மா இருக்காத மனிதர். அழகாகச் செய்ததுதான் பின்னால் வினையாயிற்று.

பரீட்சை, சுகாதார நிலையத்து வெஸ்டர்னிலேயே நடந்தது. ஏழே நிமிஷம். வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே சோபனாவுக்குப் புரிந்துவிட்டது. அவராகவே சொன்னார்:

"நானூறு அடியில தண்ணி பட்டுருச்சு சிஸ்டர்."

வீட்டுக்குக் கொண்டுவந்து டெட்டால் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, இன்னொரு கை வார்னிஷும் அடித்தார். புதுத் துண்டு ஒன்றில் சுற்றிப் பைக்குள் வைத்தார். மனைவி ராமக்காளிடம் மூச்சு விடவில்லை. ராமக்காளுக்குத் தெரிந்தால் அவள் தங்கைக்குத் தெரியும். தங்கைக்குத் தெரிந்தால் பொம்மிடி வரைக்கும் தெரியும். அங்கே ரயில் வேறு நிற்கிறது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மாலை ஏரியூர் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்து மணி பஸ் வந்தது, நின்றது, போயிற்று. மாதப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெண்மதி அப்பாவுக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

விடியற்காலையில் அறிவழகன் வந்து, புது வீட்டில் தண்ணீர்த் தொட்டி நிரம்பவில்லை என்றான். சரி, வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வயிற்றிடம் சொல்லிவிட்டு மாதப்பன் அவனோடு போனார். ஸ்டார்ட்டரில் வயரை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மாற்றிப் பொருத்தி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது, அந்தச் சத்தமே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வேகமாகப் பழைய வீட்டுக்கு நடந்தார்.

அதற்குள் அங்கே ராமக்காள் சீர்த் தட்டுகளை அடுக்கி முடித்திருந்தாள். தாய்வீட்டுச் சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். எண்ணிப் பார்த்தால் பத்து. பழம், பூ, வெல்லம், குத்துவிளக்கு, பித்தளைக் குடம் என்று எல்லாம் இருந்தும் ஒன்று குறைந்தது. கடை திறக்கிற நேரமில்லை. மேளக்காரர்கள் வாசலில் வந்துவிட்டார்கள். ராமக்காள் கையில் கிடைத்த பையை எல்லாம் துழாவினாள். கணவர் பையில், புதுத் துண்டுக்குள், பளபளவென்று தேக்கு மணை.

ராமக்காளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுசன் பொண்ணுக்குன்னு யாருக்கும் சொல்லாம செஞ்சு கொண்டாந்திருக்காரே என்று நினைத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மேலே வெற்றிலை பாக்கும் எலுமிச்சம் பழமும் வைத்து, பதினோராவது தட்டில் ஏற்றினாள். அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மாதப்பன் வந்தபோது வீட்டில் ஆளில்லை. பையில் துண்டு மட்டும் இருந்தது. துண்டை உதறினார். பையை உதறினார். அப்போதுதான் தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது.

புது வீட்டுக்கு அவர் ஓடினாரா நடந்தாரா என்பதில் ஏரியூரில் இரண்டு கட்சி உண்டு. ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நடுவில் ஒரு விதமாக வந்தார் என்பதே சரி. உள்ளே கூடத்தில் நாற்பது பேர். ராணியம்மாள் பலகையைக் கையில் வைத்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, மடக்கு மணை. சம்மந்தி கைவேலையாம். முன்னால பாத்தீங்களா, பிறை வெட்டியிருக்காரு. ஐயரே, கலசத்தை இதும்மேல வைங்க."

ஐயர் பலகையை விரித்து, கோலத்தின் நடுவில் வைத்து, மேலே வாழையிலை போட்டு அரிசி பரப்பினார். கலசத்தைக் கையில் எடுத்தார்.

"அதும்மேல வேண்டாங்க" என்றார் மாதப்பன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏனுங்க சம்மந்தி?"

"வார்னிஷ் காயலீங்க."

ஐயர் விரலால் தடவிப் பார்த்தார். "நன்னாக் காஞ்சிருக்கே."

"கனம் தாங்காதுங்க."

"கலசம் ரெண்டு கிலோ இருக்குமா?" என்றார் ஐயர். "முகூர்த்தம் போயிண்டிருக்கு."

ராணியம்மாள் முகம் மாறியது. "சீருன்னு மேளத்தோட கொண்டாந்துட்டு, எங்க வூட்டுல வைக்கறப்ப வேண்டாங்கறீங்க. நாலு வருசமாத் தங்கறதுக்குத்தான் எங்க வூடு ஆகலை. உங்க சாமான் இருக்கறதுக்குக் கூடவா ஆகலை?"

வெண்மதி பால் குண்டானோடு நின்றிருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். கொடுத்த சீரைத் திரும்பக் கேட்டவர் என்ற பேரோடு போவதா, கலசத்தை அதன் மேலே வைக்க விடுவதா? வயிறு வேறு தனியாக ஒரு பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்தது. மாதப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது சாமி வைக்கற மணை இல்லீங்க. கால் வைக்கற பலகை."

"எங்க கால் வைக்கறது?"

"கக்கூஸ்லீங்க."

மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். ஐயர் கலசத்தோடு இரண்டடி பின்னால் போனார்.

அதற்குப் பிறகு மாதப்பன் நிறுத்தவில்லை. சேலத்து லாட்ஜ், உடைந்த சீட்டு, ஐந்து மணி பஸ், கிணற்றில் தொங்காத மோட்டார், சோபனா, ஏழு நிமிஷம் என்று எல்லாவற்றையும் நாற்பது பேர் முன்னால் கொட்டிவிட்டார். "உங்க வூட்டை நான் கொறைவா நெனைக்கலீங்க. உங்க வூட்டுல எனக்குக் கால் எட்டலீங்க."

முதலில் வாய் திறந்தது ராமக்காள். "நாலு மூலைக்கும் குங்குமம் வெச்சு, தெருவெல்லாம் கும்பிட்டுக்கிட்டு வந்தேனே."

"இதுக்காப்பா நாலு வருசம்?" என்றாள் வெண்மதி. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

ஐயர் வேறு இலை போட்டு, தரையிலேயே அரிசி பரப்பி, எல்லார் மேலும் தீர்த்தம் தெளித்தார். மாதப்பன் மேல் மட்டும் இரண்டு தரம். ராணியம்மாள் பலகையைக் கையில் எடுத்தார். தூக்கி எறியப் போகிறார் என்றுதான் கூடத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் மெதுவாகச் சம்பந்தியின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்:

"இது நெசமாவே வேலை செய்யுதுங்களா?"

"ஒரு தடவைதாங்க பாத்தேன்."

"ஏழு நிமிசமுன்னீங்களே."

"ஏழுதாங்க."

"ஆபரேசனுக்கு அப்பறம் ஒசரமா வைக்கணும்னாங்க. அந்த மேஸ்திரி சிம்மாசனமாட்டம் கட்டிட்டாரு. எனக்கும் கால் தொங்குது சம்மந்தி. முக்கா மணி நேரம். பொடி, கஷாயம், அத்திப்பழம், எல்லாம் பாத்தாச்சு. யாருகிட்ட சொல்றது?"

அவரே குங்குமத்தைத் துடைத்து, பலகையை மாதப்பன் கையில் கொடுத்தார். "மொதல்ல நீங்க போயிட்டு வாங்க. முகமே சரியில்லை."

புது வீட்டின் புதுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார் மாதப்பன். அதே நேரம் கூடத்தில் பால் பொங்கியது. மேளம் கொட்டியது, குலவைச் சத்தம் எழுந்தது. அந்த மரியாதையோடு அந்தக் காரியத்தை முடித்தவர் தர்மபுரி மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

மூன்று நாளும் இருந்தார். காலை ஐந்தரை ராணியம்மாளுக்கு, ஆறு மணி மாதப்பனுக்கு என்று வெண்மதி முறை வகுத்துக் கொடுத்தாள். முதல் நாள் ராணியம்மாள் பத்து நிமிஷத்தில் வெளியே வந்து, யாரும் கேட்காமலே கேசரி கிண்டினார். பென்னாகரத்திலிருந்து அவருடைய தங்கைகள் இரண்டு பேர் தங்கள் வீட்டு வெஸ்டர்னின் அளவை நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். கிளம்புகிற அன்று மாதப்பன் பலகையைத் துண்டில் சுற்றப் போனபோது ராணியம்மாள் பிடித்துக்கொண்டார்.

"அது இங்கியே இருக்கட்டும். மேளத்தோட வந்த சீரு. நீங்க வர்றப்ப வெறுங்கையை வீசிக்கிட்டு வாங்க. பங்குனியில வாங்க. நாலு நாள் இருக்கற மாதிரி."

வெண்மதி பஸ் வரைக்கும் வந்தாள். ஏறும்போது அப்பாவின் சட்டைப் பையில் தாளில் சுற்றிய தேங்காய் பர்பி ஒன்றைத் திணித்தாள். சிரித்தாள்.

ராமக்காள்தான் பென்னாகரம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்:

"முப்பத்தஞ்சு வருசமா ஒரே வூட்டுல இருக்கறோம். என்கிட்ட சொல்லாம அந்த நர்ஸுகிட்டப் போயி சொன்னீங்களா?"

"நீ சிரிப்பியேன்னுதான்."

"சிரிக்காம? நல்லா சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு, சம்மந்தி வூட்டுக் கொல்லையில கெடந்த செங்கல்லுல நாலை எடுத்து ரெண்டு ரெண்டா அடுக்கி வெச்சிருப்பேன். நாலு வருசத்துக்கு முந்தியே."

மாதப்பன் விரல்களை மடக்கினார். ஒரு செங்கல் மூன்று அங்குலம். இரண்டு அடுக்கினால் ஆறு. மேலே ஒரு சாக்குத் துணியை மடித்துப் போட்டால் ஏழு. அது போதுமா போதாதா என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கினார்.