குதிரை வண்டியில்தான் போவேன்

கல்யாணத்துக்குக் குதிரை வண்டியில்தான் போவேன் என்று நான் சொன்னபோது ஆளாளுக்குச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஆளாளுக்குக் கோபித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோபத்துக்கு மட்டும் என்னிடமும் குறைவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியின் பலெர்மோவில் பொலிதேயாமா தியேட்டருக்கு எதிரே ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில், தனியாக இருந்த ஒரு விதவைச் சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்தேன். அங்கே மதிப்பான பெண்களைச் சிஞ்ஞோரா என்றுதான் சொல்வார்கள். சமையல், துடைப்பு, இஸ்திரி எல்லாம் நான்தான். சிஞ்ஞோராவுக்கு இரண்டு பக்திகள் இருந்தன. ஒன்று ஊரைக் காக்கும் புனிதையிடம், மற்றது இங்கிலாந்து ராணியின் குதிரைகளிடம். லண்டனில் இருந்த அவருடைய தங்கை, அரண்மனை ஊர்வலம் எது நடந்தாலும் வீடியோவில் பதிந்து அனுப்பிவிடுவார். நான் இஸ்திரி போடும் நாளில் சிஞ்ஞோரா கசெட்டைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்காருவார். அவருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். நான் இருந்தேன்.

அப்படியே எனக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது. ராணியின் வண்டியை இழுப்பவை வெண்சாம்பல் குதிரைகள், மற்றவர்களுக்குக் கபில நிறம். சில வண்டிகளில் ஓட்டுபவனுக்கு இருக்கையே கிடையாது, இடப்பக்கக் குதிரைகளின் முதுகில் ஆட்கள் ஏறி ஓட்டுவார்கள். மேளம், கொடி, கூச்சல் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே குதிரைகளைப் பழக்குவார்கள். ராணி வருடாவருடம் பிறந்தநாள் அணிவகுப்புக்குத் தன் கறுப்புக் குதிரையில் ஏறித்தான் போனார். அந்தக் குதிரைக்கு வயதாகி ஓய்வு கொடுத்த பிறகு அணிவகுப்புக்கு வேறு குதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன வண்டிக்கு மாறிவிட்டாராம். சிஞ்ஞோரா சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கசெட்டைச் சிஞ்ஞோரா தேயத் தேயப் போடுவார். ராணி அந்தக் கறுப்புக் குதிரையில் வருகிறார். கூட்டத்திலிருந்து ஒருவன் சுடுகிறான். வெற்றுத் தோட்டாக்கள் என்று பிறகுதான் தெரிந்தது, அந்த நேரம் யாருக்குத் தெரியும்? குதிரை மிரண்டு துள்ளுகிறது. ராணி குனிந்து அதன் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டில் போகிறார்.

"பார்த்தாயா?" என்பார் சிஞ்ஞோரா. "இதுதான் இரத்தம். இது பிறப்போடு வருவது. படித்து வராது, உழைத்து வராது."

தலையணை உறை மேல் பெட்டியை அழுத்துவேன். எனக்கு வயிறு எரியும்.

எரிய இன்னொரு காரணமும் இருந்தது. தொலைபேசியில் யாரிடமாவது என்னைப் பற்றிப் பேசினால் "என் சிங்ஙலேசே" என்பார். சிங்களத்தி என்று அர்த்தம். இலங்கையிலிருந்து வந்த எல்லோருக்கும் இத்தாலிக்காரர் வைத்த ஒரே பெயர் அது. அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் இல்லை, நான் அது இல்லை என்பதுதான் பிரச்சினை. நான் தமிழ், சண்டைக்குள்ளால் தப்பி வந்தவள் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒரே தீவுதானே" என்பார். சரி, அதைக்கூட விடலாம். முன்னால் வருகிற அந்த "என்" இருக்கிறதே, அதுதான் முள்ளாகக் குத்தியது.

சிஞ்ஞோரா வீட்டுப் பால்கனிக்குக் கீழேதான் சுற்றுலாக் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். நான் மேலே நின்று கம்பளம் தட்டும்போது கீழே ஜெர்மன்காரர்கள் சிவப்பு மெத்தையில் ஏறி உட்கார்ந்து ஊர் பார்க்கப் போவார்கள். இந்த நகரத்தின் தரையை எனக்கு நன்றாகத் தெரியும். முழங்காலில் நின்று துடைத்துத் துடைத்துத் தெரியும். ஒருநாள், ஒரே ஒருநாள், உயரத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கல்யாண நாளில் ஆசைப்படாமல் வேறு எந்த நாளில் ஆசைப்படுவது?

எனக்கும் குதிரைக்கும் உறவு ஒன்றும் கிடையாது. நான் பிறந்தது நெடுந்தீவில். அங்கே குதிரைகள் உண்டு, ஆனால் அவை யாருடையவையும் அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வளர்த்தார்கள், பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. கிட்டப் போனால் உதைக்கும். கோடையில் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டமாக வந்தால் நாங்கள் மதிலுக்குப் பின்னால் ஒளிவோம். தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் ஆட்களில் முதலில் குறுக்கே நின்றவர் மாமா. அம்மாவின் தம்பி. எனக்கு முன்பே பலெர்மோவுக்கு வந்தவர், அப்பா இல்லாத எனக்குக் கைபிடித்துக் கொடுக்க வேண்டியவர்.

"என்ன பிள்ளை, விசரே உனக்கு? இஞ்சை குதிரை வண்டியிலை போறது செத்த ஆக்களெல்லோ!" என்றார். வந்த புதிதில் அவர் முதன்முதல் கண்டது, கறுப்பு இறகு வைத்த குதிரைகள் பூட்டிய ஒரு பெரிய மனிதரின் பிணவண்டி.

"உயிரோடை இருக்கேக்கையே ஒருக்கால் போறன் மாமா," என்றேன்.

கட்டிக்கொள்ளப் போகிறவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவர்தான் மறுப்பு ஒன்றும் சொல்லாதவர். "நீர் எதிலை வந்தாலும் வாரும். வந்தால் காணும்," என்றார். வந்தாலே போதும் என்ற அந்த வார்த்தைக்காகவே அவரைக் கட்டலாம் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாயிற்று.

பிறகு சிஞ்ஞோராவுக்குத் தெரிந்தது. அவர் ஏற்கெனவே தன் பங்குக்கு ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தன் கறுப்புக் காரில் தானே என்னை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போவாராம், சிநேகிதிகள் நாலு பேரும் பார்க்க வருவார்களாம். நல்ல மனதோடு சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் காரில் போனால் நான் மணப்பெண்ணாக இறங்க மாட்டேன், அவருடைய சிங்ஙலேசேயாகத்தான் இறங்குவேன். எனக்கு அது பச்சையாகத் தெரிந்தது. வேண்டாம் என்றேன். குதிரை வண்டி பேசிவிட்டேன் என்றேன்.

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வண்டியில் உட்கார ஒரு பிறப்பு வேண்டும். ஊர் சிரிக்கும். என் வீட்டு வேலைக்காரி திருவிழாப் பொம்மை மாதிரிப் போவதா?" என்றார். "என் கார் வேண்டாம் என்றால் திங்கட்கிழமை வந்து சாவியைத் தந்துவிட்டுப் போ."

அடுத்த மாதம் என் பெர்மெசோவை, நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். வேலை இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் போய் நின்றால் என்ன நடக்கும் என்று எங்கள் ஆட்களில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு பின்னேரம் ஓய்வு. ஆகவே எங்கள் கல்யாணங்கள் எல்லாம் ஞாயிறு பின்னேரத்தில்தான். பல்லரோச் சந்தைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீதியின் முனையில் வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் கிழவர், தொப்பியைத் தட்டிப் போட்டிருந்தார். குதிரை கபில நிறம், நெற்றியில் சிவப்பு இறகு. பெண்கள் வண்டியைச் சுற்றிப் பூச்சரம் கட்டினார்கள். குதிரைக்கும் ஒரு மாலை போட்டார்கள். அது மாலையின் நுனியைத் தின்று பார்த்தது. நான் வெள்ளைச் சேலையோடும் தலையில் மணப்பெண் வலையோடும் ஏறி உட்கார்ந்தேன். மாமா பக்கத்தில் ஏறினார். ஏறியவர் சும்மா இருந்தாரா?

"வெடி கொளுத்தாமல் பொம்பிளை வெளிக்கிடுறதோ? கொளுத்துங்கோடா!" என்று கத்தினார்.

ஊரில் பெண் கோவிலுக்குப் புறப்படும்போது சீனவெடி கொளுத்துவது வழக்கம். கார் மிரளாது. குதிரை வண்டியில் போகவே கூடாது என்று மாதக்கணக்கில் வாதாடிய மனிதருக்கு, முன்னால் நிற்பது குதிரை என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று. எனக்கும்தான் மறந்தது. ஒரு நீளச் சரத்தைக் கொண்டுவந்து குதிரையின் காலடிக்குப் பக்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள்.

முதல் வெடிக்கே குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. அடுத்ததுக்கு ஓட்டம் எடுத்தது. வண்டி முனையில் திரும்பும்போது ஒரு கணம் வேகம் குறைந்தது. மாமா "யேசுவே!" என்று குதித்தார். பட்டு வேட்டியோடு அவர் எழுந்து "குதி பிள்ளை, குதி!" என்று கத்துவது கேட்டது.

நான் குதிக்கவில்லை. இரண்டு கையாலும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் முழுக்கப் படுத்திருந்த நேரம், பெருவீதி வெறுமையாகக் கிடந்தது, அது என் நல்ல காலம். வண்டிக்காரர் எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்து இழுத்துப் புனிதர் எல்லோரையும் திட்டினார். என் வலை பறந்து போய்விட்டது. செத்தாலும் இதிலேயே சாகிறேன், இவ்வளவு சொல்லிவிட்டு இடையில் இறங்க மாட்டேன் என்று ஒரு வெறி எனக்கு வந்திருந்தது. கெட்டித்தனம் என்று சொல்ல மாட்டேன். வெறிதான்.

மிரண்ட குதிரை எங்கே போகும்? தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போகும். நேராகப் பெருவீதி முழுக்க ஓடி, களைத்து, பொலிதேயாமாவுக்கு முன்னால் தினமும் நிற்கிற தன் இடத்தில் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் சிஞ்ஞோரா. மேல் மாடி, கீழ் மாடிப் பால்கனிகளிலும் சனம்.

சிஞ்ஞோரா வீட்டுச் செருப்போடு கீழே இறங்கி வந்தார். அதற்குள் ஒரு பழைய காரில் மாமாவும் வந்து சேர்ந்தார், வேட்டியெல்லாம் புழுதி.

"போதும் இந்தக் கூத்து," என்றார் சிஞ்ஞோரா. "என் கார் முற்றத்தில் நிற்கிறது. இறங்கு."

"இறங்கு பிள்ளை," என்றார் மாமா. "அவ சொல்லுறதுதான் சரி. காரிலை போவம். அங்கை எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம்."

இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். என் கண் கலங்கியது, மறைப்பானேன்? நான் வண்டிக்காரரைத்தான் பார்த்தேன். குதிரைக்குக் காயமா, திரும்பவும் இழுக்குமா என்று கேட்டேன். அவர் நாலு கால்களையும் தடவிப் பார்த்தார். ஒரு வாளியில் தண்ணீர் வைத்தார். "மூச்சு வாங்கட்டும். நடத்திக்கொண்டு போகலாம்," என்றார்.

"அப்ப நான் இருக்கிறன்," என்றேன் மாமாவிடம். சிஞ்ஞோராவுக்கு அவர் மொழியில் சொன்னேன்: "இதே குதிரை, இதே வண்டி. உங்களுக்கு நன்றி."

குதிரை ஆறும்வரை அந்த மாடிகள் எல்லாம் பார்க்க நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டிக்காரர் கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடக்க, அதே பெருவீதியில் மெதுவாகத் திரும்பிப் போனோம். ஊர் அப்போதுதான் எழும்பிக் கதவு திறந்துகொண்டிருந்தது. உயரத்திலிருந்து பலெர்மோவைப் பார்த்தேன். நல்ல ஊர்தான். கோவில் வாசலில் என்னைக் கட்டப்போகிறவர் நின்றார். தலைமயிர் பறந்து, வலை இல்லாமல் இறங்கிய என்னை மேலும் கீழும் பார்த்தார். "வந்திட்டீர் தானே, காணும்," என்றார்.

திங்கட்கிழமை சாவியோடு போனேன். வேலை போகப் போகிறது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் படி ஏறினேன். சிஞ்ஞோரா கதவைத் திறந்தார். உள்ளே தொலைக்காட்சியில் அந்தக் கசெட். ராணியின் குதிரை துள்ளும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார்.

"ஏன் குதிக்கவில்லை?" என்று கேட்டார்.

"சேலையோடு எப்படிக் குதிப்பது?"

அவர் சிரிக்கவில்லை. "பயமாக இல்லையா?"

"உயிர் போகிற பயம். உங்கள் ராணியும் பயந்துதான் இருப்பார். ஆனால் அவருக்குப் பழக்கிய குதிரை இருந்தது, சுற்றிவரப் பட்டாளம் இருந்தது. எனக்குப் பிடிக்க ஒரு கம்பிதான் இருந்தது. இரத்தம் ஒன்றும் இல்லை சிஞ்ஞோரா. இறங்க மனமில்லை, அவ்வளவுதான்."

சாவியை மேசையில் வைத்தேன். "வேலைக்கு வேண்டுமென்றால் நிற்கிறேன். நின்றால் இனி நான் உங்கள் சிங்ஙலேசே இல்லை. அது முடியாதென்றால் இப்போதே போகிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. நேற்றிலிருந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், மூன்று மாடியும் பார்த்த காட்சி அல்லவா? சிஞ்ஞோரா எடுத்தார். மறுபக்கம் யாரோ மூச்சுவிடாமல் கேட்டார்கள். எனக்கு வாசல் பக்கம் ஒரு கால் இருந்தது.

"ஆமாம், எங்கள் வாசலில்தான்," என்றார் சிஞ்ஞோரா. என்னைப் பார்த்தார். "இல்லை, சிங்ஙலேசே இல்லை. தமிழ். எங்கள் வீட்டில் வேலை செய்கிற சிஞ்ஞோரா."

சாவியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். இஸ்திரிக்கு ஒரு குவியல் கிடந்தது. ராணியின் குதிரை இன்னமும் அந்தரத்தில் நின்றது. நானே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.