சேமிக்காத திருத்தம்

கச்சிபௌலி அலுவலகத்தில் எங்கள் டீம் லீடாக இருந்தவரை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹைதராபாத்திலேயே வளர்ந்த தமிழர்; 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்பார். மடிப்புக் கலையாத சட்டை, வாயில் எந்நேரமும் ஏலக்காய். நின்றபடியே நம் தோளுக்கு மேல் கையை நீட்டி நம் கீபோர்டில் தட்டுவார்.

நாங்கள் எழுதியது ஏ.பி.எல்., எண்களை அட்டவணை அட்டவணையாகக் கணக்கிடும் கணினி மொழி. புரோகிராம் ஓடும்போதே அதில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தலாம். உடனே சரியான விடை வரும். ஆனால் திருத்தியதைச் சேமிக்காவிட்டால், மறுபடி லோட் செய்யும்போது பழைய தப்பே வந்து நிற்கும். அவர் சேமித்து நான் பார்த்ததே இல்லை.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை கிளையண்டுக்குத் தப்பான கணக்கு போனது. ஃப்ளோர் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினார். என் பெயரைப் போட்டு, என் கவனக்குறைவுதான் காரணமென்று எல்லோருக்கும் மெயிலும் அனுப்பினார்.

மாலையில் டீ மெஷின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டென்ஷன் நக்கோம்மா. நான்தான் சேவ் பண்ண மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"அதை மெயில்ல போடுங்க சார்."

"அதான் உன்கிட்ட சொல்லிட்டேனே, இன்னும் என்ன?"

நடிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. டீயை அப்படியே கொட்டிவிட்டு வந்தேன்.

அப்ரைசல் வருவதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாக வந்த மேனேஜர் என்னை உட்காரவைத்து, அந்தப் பழைய மெயிலைத்தான் முதலில் திறந்தார்.