எகிப்து விழுந்ததற்கு வைத்த அசனம்

என் வீட்டுக்காரர் உபதேசியார். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஓடு போட்ட ஒரு சின்ன சபை; அதை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஜெபம் பண்ணப் போய் நிற்பார். ஆனால் தீர்க்கதரிசனம் என்று வந்துவிட்டால் ஆளைப் பிடித்து உட்கார வைக்க முடியாது. எந்த ராஜ்யம் எப்போது விழும், சிதறிப்போன இஸ்ரவேல் ஜனம் எப்போது தன் தேசத்தில் திரும்பக் கூடும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் தெரியாது.

அவருக்குப் பிடித்தது வேதத்தில் வருகிற தீரு பட்டணத்தின் கதை. கப்பலும் வியாபாரமுமாகக் கொழுத்து, எருசலேம் விழுந்தபோது சந்தோஷப்பட்ட பட்டணம் அது. அதனால் ஆண்டவர் அதை வெறும் பாறையாக்கி, வலை காயப்போடுகிற இடமாக்கிவிடுவார் என்று தீர்க்கதரிசி சொன்னாராம். கப்பல் ஊரில் இருந்துகொண்டு, கூம்பு ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி வைத்து இவர் இதைப் பிரசங்கிப்பார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். எங்கள் கடற்கரையில் வலை காய்கிறது என்றால் ஆம்பிளைகள் பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். இதில் தண்டனை எங்கே இருக்கிறது? கேட்டால், "ஏளா, நீ சும்மா கெட" என்பார்.

பக்கத்து வீட்டில் காயல்பட்டணத்துக் குடும்பம். அந்த அம்மாளைத் தெருவே லாத்தா என்று கூப்பிடும். அவர்கள் பேச்சில் அக்கா. கணவர் சங்கு வியாபாரம் செய்து இறந்துபோனவர். ஒரே மகன், சரக்குக் கப்பலில் சமையல்காரன். எங்கள் சபையில் அசனம் என்றால், அதாவது சனமெல்லாம் கூடி உண்கிற கறிச்சோற்று விருந்து என்றால், லாத்தா வீட்டு அண்டாவில்தான் சோறு பொங்கும். கல்யாணப் பந்திக்கென்று அவர்கள் வைத்திருந்த, உள்ளே ஈயம் பூசிய பெரிய செம்பு அண்டாக்கள். பதிலுக்கு முதல் கறி அந்த வீட்டுக்குப் போகும். அவர்களும் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே ஆட்டை அவர்கள் ஆளை வைத்துத்தான் அறுப்போம்.

அறுபத்தேழில் இஸ்ரவேலுக்கும் எகிப்துக்கும் யுத்தம் வந்தது. ஒரு வாரத்துக்குள் முடிந்தும் போனது. எருசலேம் இஸ்ரவேல் கைக்கு வந்தது என்று ரேடியோவில் கேட்டதும் என் வீட்டுக்காரர் முழங்காலில் விழுந்து அழுதார். அது வேஷம் இல்லை. சின்ன வயதிலிருந்து இதற்காகக் காத்திருந்த மனுஷன். "நம்ம கண்ணால பாக்கக் குடுத்து வச்சிருக்குளா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஸ்பீக்கர் தெருவைப் பார்த்துத் திரும்பியது. பார்வோன் விழுந்தான், எகிப்து பாழாயிற்று, சிதறிய ஜனம் வீடு திரும்பிற்று என்று தொண்டை கிழியக் கத்தினார்.

லாத்தாவின் மகன் இருந்த கப்பல் அப்போது எகிப்தின் சூயஸ் கால்வாயில். கால்வாயை அடைத்துவிட்டார்கள். கப்பல் என்ன ஆயிற்று என்று இங்குள்ள ஏஜெண்டுக்கே தெரியவில்லை. எங்கள் ஸ்பீக்கருக்கும் லாத்தா வீட்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்தப் பிள்ள உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம அவங்க கெடக்காங்க" என்றேன்.

"நான் லாத்தாவையா சொல்லுதேன்? வேதத்துல உள்ளதச் சொல்லுதேன்" என்றார். அதோடு விட்டாரா? சபைப் பெரியவர்களைக் கூட்டி, ஆண்டவர் வாக்கு நிறைவேறியதற்கு ஒரு ஸ்தோத்திர அசனம் என்று முடிவு செய்து, ஸ்பீக்கரிலும் அறிவித்துவிட்டார். "போய் லாத்தாட்ட அண்டா கேட்டுட்டு வா."

எனக்குப் பகீரென்றது. "உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கடையில வாடகைக்கு எடுங்க."

"இத்தன வருஷம் வாங்கிட்டு இப்பக் கடையில எடுத்தா, அவங்கள ஒதுக்கி வச்ச மாதிரி ஆயிராதா?"

அதுவும் நியாயம்தான், அதுதான் கொடுமை. கேட்டாலும் கேவலம், கேட்காவிட்டாலும் கேவலம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன்.

லாத்தா ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "அண்டாவா? ஸ்பீக்கர்ல சொன்னதக் கேட்டேன். புளி போட்டுத் தேச்சு வச்சிருக்கேன், ஆள அனுப்பி எடுத்துக்கோ" என்றார். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நின்றேன். திரும்பப் போனவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏளா, ஒண்ணு கேக்கணும். எந்தெந்த ஊரு அழியும்னு உபதேசியாரு சொல்லுதாருல்லா? அந்த ஊருக்காரனா இல்லாம, கப்பல்ல சும்மா சோறு பொங்கப் போனவனுக்கு அதுல என்ன எழுதியிருக்கு?"

எனக்குத் தெரியும். தீருவைப் பற்றிய புலம்பலில் அது வருகிறது: மாலுமி, துடுப்புப் போடுகிறவன், கப்பலின் ஓட்டையை அடைக்கிறவன், அதில் ஏறியிருந்த அத்தனை பேரும் நடுக்கடலில் விழுந்துபோவார்கள். வீட்டு ஜெபத்தில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! கேட்டுவிட்டு எத்தனை தடவை கொட்டாவி விட்டிருக்கிறேன்! "ஒண்ணும் இல்ல லாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

அசனத்தன்று முதல் கறியை நான் கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீங்க வச்ச விருந்து, நீங்களே கொண்டுபோங்க." தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நடந்தார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். லாத்தா அவரிடமும் அதையே கேட்டார். இந்த ஒரு தடவை பொய் சொல்லித் தொலையுமேன் மனுஷா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவருக்கு வேதத்தை மாற்றிச் சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கு லாத்தா. கப்பல்ல இருந்தவங்களும் போயிருவாங்கன்னுதான் இருக்கு" என்றார்.

லாத்தா தூக்குச்சட்டியைப் பார்த்தார்.

"அதுக்குமா அசனம்?"

குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்போம். என் வீட்டுக்காரர் சட்டியை அங்கே வைப்பதா, எடுப்பதா என்று தெரியாமல் தடுமாறிவிட்டு, எடுத்துக்கொண்டு திரும்பினார். சபை முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. "கறி பிரமாதம், உபதேசியாரே!" என்று ஒருவர் இலையிலிருந்து கத்தினார். இவர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வெட்கக்கேடு, பசி தாங்காமல் நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கப்பல் கால்வாய்க்குள்ளேயே மாட்டிக் கிடக்கிறது, ஆட்களுக்கு ஆபத்தில்லை என்று பிறகு தந்தி வந்தது. மகன் ஊர் வந்து சேர மழைக்காலம் ஆகிவிட்டது. எலும்பும் தோலுமாக இருந்தான். வந்த மறுநாளே ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். லாத்தா அவனிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"ரெண்டு கரையிலயும் குண்டு விழுந்துச்சு மாமா. நான் போனாக்கூடப் பரவால்ல, உம்மா தனியாக் கெடப்பாங்களேன்னுதான் பயம். பொறவு, பக்கத்து வீட்டுல நீங்க ரெண்டு பேரும் இருக்கியளேன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தைரியத்துலதான் தூங்குனேன்" என்றான்.

நான் காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன். என் வீட்டுக்காரருக்குப் போக இடமில்லை. அவன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.