சிக்குப் பலகையின் கடைசித் தட்டு

இதை எழுதுகிறவன் எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதத்தில், தன் வம்சத்திலேயே முதல் பி.காம். என்கிற பெருமையையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் சுமந்துகொண்டு தேவிகாபுரம் பஸ்ஸிலிருந்து ஆரணியில் வந்து இறங்கினான். கொசப்பாளையத்தில் பட்டு நெசவாளி சம்பந்தத்தின் வீட்டு முன்னறை வாடகைக்குக் கிடைத்தது. புத்தகங்களை எங்கே வைப்பது என்று அவன் விழித்துக்கொண்டு நின்றபோது, சம்பந்தத்தின் மனைவி அபிதகுசாம்பாள் உள்ளே போய், புத்தகத்தை விரித்து வைத்துப் படிக்கிற சிக்குப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து விரித்து வைத்தாள். ஒரே பலகையில் செய்தது. ஆணி இல்லை, கீல் இல்லை, ஒட்டு இல்லை. நடுவில் இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பற்கள். பிரித்தால் பெருக்கல் குறி போல நிற்கும். மடக்கினால் மறுபடி வெறும் பலகை.

"யார் செஞ்சதுங்க இது?"

"மரக்கடையில கேட்டா எங்க வூட்டுக்காரர்னு சொல்லுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு இடது கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படியும் ஒரு பதிலா என்று இருந்தது. மீதிக் கதை வெளியே வர இரண்டு வருஷம் ஆயிற்று.

அபிதகுசாம்பாள் பிறந்தது கலசப்பாக்கத்துப் பக்கம். பிறவியிலேயே இடது கைக்காரி. புகுந்த வீட்டில் சோறு போடும்போது மட்டும் ஞாபகமாக வலது கைக்கு மாறிக்கொள்வாள். தறிக்கட்டை தேய்ந்தால் சரி செய்துகொள்ள சம்பந்தம் ஓர் உளி, ஒரு கொட்டாப்புளி, சின்ன ரம்பம் வைத்திருந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், நூல் சுற்றும் வேலையும் முடிந்த பிறகு அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் உட்கார ஒரு மனை, பிறகு ஓர் அஞ்சறைப் பெட்டி.

மரம் வந்தது தணிகாசலத்தின் மரக்கடையிலிருந்து. தகர அடுப்பில் அடைத்து எரிக்க அங்கே மரத்தூள் வாங்கப் போவாள். மூட்டைக்கு அடியில் இரண்டு மூன்று துண்டு மரங்களும் சேர்ந்து வரும். "அடுப்புக்கா?" என்பார் தணிகாசலம். "அடுப்புக்குத்தாங்க" என்பாள். பாதி அடுப்புக்குப் போகும். பாதி தறிக்குழி ஓரமாக ஒளிந்துகொள்ளும்.

அமாவாசையன்று ஊரில் யாரும் தறியில் கால் வைப்பதில்லை. அந்த நாளில் மரக்கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் ஏழெட்டு ஆண்கள் கூடுவார்கள். எல்லோரும் வேறு பிழைப்பு உள்ளவர்கள். ஆசைக்காக மரத்தைத் தொடுகிறவர்கள். அவரவர் செய்துகொண்டிருப்பதை அரைகுறையாகவே கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். எடுத்துப் பார்ப்பார்கள், திட்டுவார்கள், டீ குடிப்பார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. முழுதாக முடித்து எடுத்து வரக்கூடாது. கடைசித் தட்டு கொட்டகையில், எல்லோர் கண் முன்னால் விழவேண்டும். "முடிச்சு எடுத்தாந்தா அது கடைச்சரக்குப்பா, நீ செஞ்சதுன்னு எவன் நம்புவான்?" என்பான் பலராமன். அவன் மூன்று வருஷமாக ஒரே கேரம் போர்டை இழைத்துக்கொண்டிருந்தான்.

சம்பந்தம் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவன், சும்மா போகக் கூச்சப்பட்டு அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். "யப்பா, மூலையப் பாருடா" என்று நாலு பேர் சொன்னபோது, நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் அவள் செய்தது அவன் கையில் போயிற்று. மெருகுத்தாள் தேய்ப்பது, ஓர் ஆப்பு அடிப்பது போன்ற கடைசி வேலையை அவனே ஒப்பேற்றிவிடுவான்.

அவன் திரும்புகிற வரை அவளுக்கு வீட்டில் கால் தரிக்காது.

"இன்னாங்க சொன்னாங்க?"

"நல்லா கீதுன்னாங்க."

"யாரு சொன்னது?"

"எல்லாருந்தான்."

"கையில எடுத்துப் பார்த்தாங்களா, வெச்ச எடத்துலயே பார்த்துட்டு விட்டுட்டாங்களா? தணிகாசலம் அண்ணன் விரலை வெச்சுத் தடவினாரா?"

"ஏம்மே, போலீஸ்காரன் மாதிரி கேக்கறே? சோத்தப் போடு."

நல்லா இருக்கு என்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? எந்த மூலை, எந்தக் கோடு, யார் முகம் மாறியது? அந்தக் கொட்டகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, தன் வேலையைப் பற்றி நாலு பேர் பேசுவதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சிக்குப் பலகையை அவள் கோயிலில் புராணம் படிக்கிறவர் முன்னால் பார்த்தாள். கணுவே இல்லாத பூவரசந்துண்டு ஒன்று மூட்டையோடு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு முனையிலிருந்தும் பலகையின் கனத்தை நடு வரைக்கும் இரண்டாகப் பிளந்து, நடுவில் பற்களைச் செதுக்கி, பற்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற மரத்தைக் கடைசியாக வெட்டிவிட வேண்டும். சரியாக இருந்தால் பலகை விரியும். தப்பினால் பல் உடைந்து இரண்டு துண்டாகிவிடும். நாலு அமாவாசை அது கொட்டகைக்குப் போய் வந்தது. மாசி அமாவாசைக்கு ஒரே ஒரு வெட்டு பாக்கி.

"இதை நான்தாங்க தட்டணும். வெட்டெல்லாம் இடது வாக்குல விழுந்துகீது. நீங்க தட்டினா பல்லு போயிடும்."

"அப்ப வூட்லயே தட்டிடு."

"கடைச்சரக்குன்னுவாங்களே." பலகையைத் துணியில் சுற்றினாள். "நானும் வரட்டுங்களா?"

"ஆம்பளைங்க லுங்கியக் கட்டிகினு உக்காந்திருப்பாங்க. நீ அங்க வந்து..." அவன் பலகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அவள் கோணியை எடுத்துக்கொண்டு மரத்தூள் வாங்கக் கிளம்பினாள். கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு கீற்றுத் தட்டிதான் மறைப்பு. தராசுப் பக்கம் நின்றால் உள்ளே பேசுவது கேட்கும். இடுக்கில் கொஞ்சம் தெரியவும் தெரியும்.

சம்பந்தம் உளியைப் பல் மேல் வைத்தான். கொட்டாப்புளியை ஓங்கினான். இறக்கவில்லை. உளியை மாற்றி வைத்துப் பார்த்தான். தட்டிக்கு இந்தப் பக்கம் அவளுடைய இடது கை கோணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் பலகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"பீச்சாங்கை வேலையாச்சே இது."

"சம்பந்தத்துக்குப் பீடி பிடிக்கறதே சோத்தாங்கையிலதானே?" என்றான் பலராமன். யாரோ சிரித்தார்கள். சம்பந்தம் சிரிக்கவில்லை. அவன் கண் தட்டி இடுக்கில் தெரிந்த புடவைப் பக்கம் போயிற்று. தணிகாசலத்தின் கண்ணும் அதே வழியில் போயிற்று.

"மரம் இன்னும் காயல. இன்னிக்கு இதுல கை வெக்காத. வூட்டுக்கு எடுத்துகினு போய்ப் பொறுமையாத் தட்டு."

"அப்ப கடைச்சரக்கு ஆயிடுமே அண்ணா?" என்றான் பலராமன்.

"ஆயிட்டுப் போவுது, நீ கேரம் போர்டைப் பாரு."

அவரே எழுந்து வெளியே வந்தார். கோணியைப் பிடித்திருந்த கையில் உளி பட்ட தழும்புகளைப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளே வாம்மா என்று இப்போது சொல்லிவிடுவார். சொன்னால் போய்விட வேண்டியதுதான், யார் என்ன நினைத்தாலும் சரி.

அவர் தூளை அள்ளிப் போட்டு நிறுத்தார். கொசுறாக இன்னும் ஒரு கை போட்டார்.

"தூள் ஈரமா கீது. வெயில்ல காய வெச்சு எரிம்மா" என்றார்.

வீட்டில் அவள் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து தட்டினாள். ஒரே தட்டு. டக்கென்று ஒரு சத்தம், பலகை விரிந்தது. ஒரு பல் கூடப் போகவில்லை. சம்பந்தம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு அபிதா."

"அப்பறம்?"

அவன் பானைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு குடித்தான். அவள் பலகையை மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள்.

அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டது. மரத்தூள் அள்ளும்போது தணிகாசலம் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசுவார். "போன அமாவாசைக்குச் சம்பந்தம் ஒரு முக்காலி எடுத்தாந்தான். ஒரு காலு ஒரு நூலளவு தூக்கல். ஆனா துளை எடுத்த சுத்தம் இருக்குதே, பலராமன் வாயடைச்சுப் போய்ட்டான்."

"சொல்றேங்க அவராண்ட" என்பாள் அவள். எந்தக் கால் என்று கேட்க நாக்கு துடிக்கும்.

"இடது பக்கத்துக் காலு" என்பார் அவர், முள்ளைப் பார்த்தபடியே.

இது எண்பத்தாறாம் வருஷம். அபிதகுசாம்பாள் அதே கொசப்பாளையத்து வீட்டில்தான் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்காக ஒரு தொட்டில் செய்துகொண்டிருக்கிறாள். கொட்டகையில் அமாவாசைக் கூட்டம் இன்னும் நடக்கிறது. சம்பந்தம் போய் வருகிறான். அவள் தட்டிக்கு இந்தப் பக்கம் வரைதான் போயிருக்கிறாள்.