முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அந்தமானில், போர்ட் பிளேரின் பத்துபஸ்திப் பகுதியில் குடியிருக்கும் சிவஞானம், அரசு வாகனப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையிலிருந்து கப்பலில் வந்திறங்கும் புது ஜீப் எதுவாயினும் அதன் முதல் ஆயிரம் கிலோமீட்டர் அவர் கைக்குத்தான் வரும். புது எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு உரசி உரசிப் படிய வேண்டும். அதுவரை வண்டியை விரட்டவும் கூடாது. ஒரே வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கவும் கூடாது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இதை அவரளவு அறிந்தவர் தீவில் இல்லை என்பது அதிகாரிகளின் எண்ணம். அவருடைய எண்ணமும் அதுவே. சொந்தமாக அவர் வாங்கியது ஒரு ஸ்கூட்டர் மட்டும்.

ஆகவே, வடக்கே ரங்கத் ஊரில் கான்ட்ராக்டராக இருக்கும் மைத்துனர் பொன்னுத்துரை போர்ட் பிளேரில் புதுக் கார் எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும், சிவஞானம் வெள்ளைச் சட்டை ஒன்றைத் தேய்த்து மாட்டி வைத்தார். ஆனால் பொன்னுத்துரை தொலைபேசியில் தம் அக்காள் இந்திராணியிடம் சொன்னது வேறு.

"அத்தானுக்கு அறுபத்தாறு வயசாச்சு, எதுக்குக்கா வீண் சிரமம்? நாகராஜ்னு ஒரு டிரைவரை வச்சிருக்கேன். கொஞ்ச நாள் பார்த்துட்டு நிரந்தரமாக்கிடலாம்."

சட்டை ஆணியிலேயே தொங்கியது.

ஒரு வாரம் கழித்து, சாமான் வாங்குவதற்காக நாகராஜ் அந்தக் காரைப் போர்ட் பிளேருக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான். முப்பது வயது, ஒட்ட வெட்டிய முடி. சிவஞானம் காரை இருமுறை சுற்றி வந்தார். வாயைத் திறந்து ஒரு நல்ல சொல் சொல்லவில்லை.

"கான்வாயில் எப்படிப் போகிறாய்?"

"நாப்பதைத் தாண்டறதே இல்ல சார்."

சிவஞானத்தின் நெஞ்சில் குளுமை பரவியது. ரங்கத் போகும் சாலையில் ஜிர்காட்டாங் சாவடியைக் கடந்தால் பழங்குடியினர் வாழும் காட்டுவழி. முன்னும் பின்னும் போலீஸ் காவலுடன் வண்டிகள் வரிசையாகச் செல்லும்; அதுதான் கான்வாய். முந்தவோ நிற்கவோ கூடாது. பாதுகாப்பான வேகம் என்று நம்பி அங்கே ஒரே சீராக ஓட்டினால் எஞ்சின் சரியாகப் படியாது; ஓராண்டில் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும். இது அவருக்குப் படித்துத் தெரிந்ததன்று. 2006-இல் ஒரு புது ஜீப்பை அவரே அப்படி ஓட்டிக் கெடுத்தார். ஆயிலின் தரம் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துத் தப்பினார். இந்திராணிக்குக்கூட அது தெரியாது.

நாகராஜை எச்சரிக்க ஒரு நிமிடம் போதும். அவர் எச்சரிக்கவில்லை.

"என் தம்பி கார் வாங்கினா உங்க ரேடியேட்டர் ஏன் கொதிக்குது?" என்றாள் இந்திராணி.

"எனக்கென்ன? யார் ஓட்டினால் என்ன?"

"அதான், ராத்திரிச் சோறுகூட இறங்கலையே!"

அடுத்த வாரம் தம் பேத்தியின் காதுகுத்துக்கு அக்காளையும் அத்தானையும் அழைத்துவரப் பொன்னுத்துரை அதே காரை அனுப்பினார். சிவஞானம் முன்னிருக்கையில் அமர்ந்து மீட்டரைப் பார்த்தார்: அறுநூற்று எண்பது. கெடுவது கெட்டிருக்கும் என்று கணித்துக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டார்.

சாவடி திறந்ததும் வண்டிகள் நகர்ந்தன. நாகராஜ் வரிசையின் கடைசி வண்டியாக இடம்பிடித்திருந்தான். காட்டுக்குள் நுழைந்ததும் இருபதுக்கு இறங்கினான். முன்வண்டி வளைவில் மறைந்தபின் கியர் மாற்றி நிதானமாக நாற்பதுக்கு ஏற்றி, அதை எட்டிப் பிடித்தான். மறுபடியும் இறங்கினான். பின்னால் வந்த போலீஸ் வண்டி ஹாரன் அடித்தது; சீக்கிரம் போகச் சொல்லி ஒரு போலீஸ்காரர் இந்தியில் கத்தினார்.

"அரே, ஜல்தி சலோ!"

"ஜீ சாப்!" என்று நாகராஜ் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சற்றுத் தூரம் சென்றதும் மீண்டும் இருபதுக்கு வந்தான்.

சிவஞானத்தின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. "யார் சொல்லிக் கொடுத்தது?"

"காரோட கொடுத்த புத்தகத்துல போட்டிருக்கு சார். ஒரே வேகம் ஆகாதாம். கான்வாய்ல வேற வழி? திட்டு வாங்கிக்கிட்டுத்தான் ஓட்டறேன்."

ஒரு ஜீப்பைப் பலிகொடுத்துத் தாம் கற்றதை இவன் ஓசியில் கிடைத்த புத்தகத்தில் படித்துக்கொண்டான்! திட்டு வாங்கும் துணிச்சலும் அன்று தமக்கு இருந்ததில்லை. ரங்கத் வரும்வரை அவனிடம் ஒரு குறை தேடினார். ஹாரனை ஒருமுறை கூடுதலாக அடித்தான், அவ்வளவே அகப்பட்டது.

ரங்கத்தில் இறங்கியதும் பொன்னுத்துரை அவரைத் தனியே அழைத்துச் சென்றார்.

"அத்தான், நீங்கதான் சரியா சொல்லுவீங்க. போறப்பெல்லாம் கான்வாய்ல இவன் இழுத்து இழுத்து ஓட்டறதா போலீஸ்காரங்க சொல்றாங்க. பையன் சரியில்லேன்னா இன்னிக்கே கணக்கை முடிச்சிடறேன். ஆயிரத்துக்கு இன்னும் நூத்தைம்பதுதான் பாக்கி, நீங்களே ஓட்டி முடிச்சுக் கொடுத்துடுங்க."

சாவியை நீட்டினார். சிவஞானம் இரண்டு வாரமாகக் கனவில் கண்ட சாவி. ஒரு சொல் போதும். பொய்கூட வேண்டாம், உதட்டைப் பிதுக்கினாலே போதும். காரின் கண்ணாடியைத் துடைத்தபடி நாகராஜ் இந்தப் பக்கம் பார்த்தான்.

சிவஞானம் சாவியை வாங்கவில்லை.

"இழுத்து இழுத்துத்தான் ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டி ஒரு ஜீப்பையே பாழாக்கினவன் நான். மீதியையும் அவனே ஓட்டட்டும்."

பொன்னுத்துரை வியந்து பார்த்தார். இந்திராணி பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"எந்த ஜீப்பு? எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

சிவஞானம் மைத்துனரிடம் திரும்பினார்.

"ஆனால் ஹாரன் அதிகமாக அடிக்கிறான். அதைக் கண்டித்து வை."